துருப்பிடித்தது இரும்பா, எண்ணமா?

இரும்பின் பெருமையைப் பேசுவதில் நமக்கு நிகர் நாமே. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் 'இரும்பின் தொன்மை' என்னும் அறிக்கையை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பைக் கொண்டு, தமிழ் நிலத்தில் இரும்பின் பயன்பாடு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்கிறது என்று அவ்வறிக்கை கூறியது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் கொடுமணல் உலைகளும் முன்பே நம் மேடைகளுக்குப் பழக்கமானவை; இப்போது சிவகளையும் சேர்ந்துகொண்டது. கேட்போர் கை தட்டுகின்றனர். பேசுவோர் தோள் உயர்கின்றது.

நன்று. ஆனால் அம்மேடையிலிருந்து இறங்கி வீடு திரும்பும் அன்பர், தெருமுனையில் பழைய இரும்பு வாங்கும் லாரி நிற்கக் கண்டால் என்ன செய்கிறார்? பாட்டனார் விட்டுச்சென்ற இழைப்புளி, வாய்ச்சி, மண்வெட்டித் தலை, பால்வெட்டும் கத்தி ஆகியவற்றைச் சாக்கில் கட்டி எடைபோட்டுக் கொடுத்துவிட்டுச் சில வெள்ளியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய இரும்பு அவருக்குப் பெருமை. ஐம்பது ஆண்டுக்கு முந்திய இரும்பு அவருக்குக் குப்பை. இந்த முரண்பாட்டைக் குறித்துத் தமிழாசிரியர்களோடும் மாணவர்களோடும் வழக்காடவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

என் கட்சி இதுதான்: பழைய கருவியின் துருவை நீக்கி, பிடி மாற்றி, கூர் தீட்டி, மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் கைவேலை வெறும் பொழுதுபோக்கு அன்று. அது மொழிக் கல்வி; அறிவியற் கல்வி; வரலாற்றுக் கல்வி. இவை யாவினும் மேலாக, உழைப்பை மதிக்கக் கற்பிக்கும் கல்வி. இதனைத் தமிழ்ப் பள்ளியும் தமிழ் வீடும் தள்ளி வைத்திருப்பது பெருந்தவறு.

முதலில் இலக்கியத்தையே சான்றுக்கு அழைப்போம். நம் வழக்கு மன்றத்தில் அச்சான்றுக்கே மதிப்பு மிகுதி. புறநானூற்றில் பொன்முடியார் ஒரு மறவனை ஆளாக்குவோரின் கடமைகளை வகுக்கும்போது தாய், தந்தை, வேந்தன் ஆகியோரோடு கொல்லனையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றபோது பாடிய பாட்டை நாம் ஆண்டுதோறும் நடத்துகின்றோம். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூடி, எண்ணெய் பூசப்பட்டு, காவலுள்ள மனையில் அழகாகக் கிடந்தன. அதியமானின் படைக்கலங்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனின் சிறு குடிலில் செப்பனிடக் கிடந்தன. புகழ்வது போலப் பழித்தல் என்று அணி சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகின்றோம். ஔவையார் சொன்ன உண்மை மனத்தில் தங்குவதில்லை. கருவியின் பெருமை அதன் பளபளப்பில் இல்லை; உழைத்துத் தேய்ந்து, பழுது பார்க்கப்பட்டு, மீண்டும் உழைக்கப் போவதில்தான் உள்ளது.

இந்த அளவுகோலால் நம்மை அளந்து பார்ப்போம். பொங்கல் விழாவிலும் பண்பாட்டு வாரத்திலும் நம் பள்ளிகள் சில பழம்பொருள்களை மேசைமேல் பரப்புகின்றன. அரிவாள்மனைக்கு வார்னிஷ் பூசப்படுகின்றது. பால்வெட்டும் கத்திக்குத் தங்க நிறச் சாயம் அடிக்கப்படுகின்றது. 'தொடாதீர்' என்ற அட்டையும் வைக்கப்படுகின்றது. கருவியைத் தொடாதே என்று குழந்தைக்குச் சொல்வதும் நூலைத் திறவாதே என்று சொல்வதும் ஒன்றே அன்றோ? தொண்டைமானின் படைவீட்டைத்தான் நாம் கட்டிக்கொண்டிருக்கின்றோம். கொல்லனின் சிறு குடில் நம் பள்ளியில் எங்கே உள்ளது?

இனிப் பந்திங் வட்டாரத்துக்கு வருவோம். கோல லங்காட் மாவட்டத்தில் நம்மவர் வாழ்வை உருவாக்கியவை முன்னர் ரப்பர் தோட்டங்களும் பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களும் ஆகும். இம்மண்ணில் தமிழர் வரலாற்றை எழுதிய எழுத்தாணி எதுவென்று கேட்டால், பால்வெட்டும் கத்தியே என்பேன். அக்கத்தியின் வேலை எத்துணை நுட்பமானது என்பதை இன்றைய மாணவர் அறியார். மரப்பட்டையை ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே சீவ வேண்டும். பால் மிகுதியாக ஓடும் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் உள்ளன; அவற்றை எட்டும் அளவுக்கு ஆழம் போக வேண்டும். ஆயினும் அதற்கும் உள்ளே இருக்கும் வளர்திசுவைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் மரம் புண்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிற்காலத்தில் அங்கே கத்தி ஓடாது. இடையே விடவேண்டிய பட்டையின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இதனை விடியுமுன், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் செய்து முடித்தவர்கள் நம் தாய்மார்கள். இத்திறனுக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது?

கத்தி மழுங்கினால் சீவல் தடிக்கும், கை அழுத்தும், மரம் புண்படும், கிராணியின் ஏச்சு விழும். ஆதலால் கூர் தீட்டுதல் அவர்கள் வாழ்வின் அன்றாடக் கடமை. ஜெபோங் எனப்படும் கத்தியின் நுனி மடங்கியிருக்கும். அதன் வெளிப்புறத்தைத் தட்டைக் கல்லிலும் உட்புறத்தை அம்மடிப்பில் பொருந்தும் விளிம்புள்ள சிறு கல்லிலும் தீட்ட வேண்டும். துருப்பிடித்துக் கிடந்த அத்தகைய கத்தி ஒன்றை மீட்டுப் பாருங்கள். அதன் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடத் தேய்ந்திருக்கும். பிடியில் பெருவிரல் பதிந்த பள்ளம் இருக்கும். ஒரு தாயின் இருபது முப்பது ஆண்டு உழைப்பு அந்தத் தேய்மானத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. நம்மவருள் பெரும்பாலோர் நாட்குறிப்பு எழுதவில்லை, தன்வரலாறு எழுதவில்லை. அவர்கள் எழுதி வைத்தது இதுதான். இதை எடைபோட்டு விற்கின்றோம்.

அந்த உழைப்பாளர்கள் மானம் அற்றவர்களாய் வாழ்ந்தவர்கள் அல்லர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு மட்டும் கோரிக்கையாக இருக்கவில்லை. வெள்ளைத் துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிமுறை ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. அவர்கள் வெறுத்தது அடிமைத்தனத்தை, உழைப்பை அன்று. அந்த வேறுபாட்டை நாம் மறந்துவிட்டோம். 'படிக்காவிட்டால் பால்மரம் வெட்டத்தான் போவாய்' என்று வகுப்பறையில் அச்சுறுத்திய ஆசிரியர்கள் பலர். பிள்ளைகள் வறுமையிலிருந்து மீள வேண்டும் என்ற நல்லெண்ணமே அதன் பின்னால் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் விளைவு என்ன? தன் தாயின் கைத்திறனைத் தண்டனையாக எண்ணக் குழந்தை கற்றுக்கொண்டது. கருவியின்மேல் ஏறிய துருவுக்கு முன்பே எண்ணத்தின்மேல் துரு ஏறிவிட்டது.

அடுத்து, மொழி. தமிழாசிரியர்களாகிய நாம் புதுக் கலைச்சொல் ஆக்குவதில் ஆர்வமுடையோம், அது வேண்டுவதே. ஆனால் ஆக்கிய சொற்களைக் காட்டிலும் இழந்துவரும் சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தோமா? மரப்பிடியின் முனை பிளவாதபடி இறுக்கும் உலோக வளையத்துக்குப் பூண் என்று பெயர். சூடேற்றிய இரும்பை வைத்து அடிக்கும் தளம் பட்டடை. உலைக்குக் காற்று ஊதுவது துருத்தி. பழுத்த இரும்பைப் பற்றுவது குறடு. காய்ச்சிய கத்திக்கு உறுதி ஏற்றுவது தோய்ச்சல். இவற்றை அகராதியிலிருந்து மனப்பாடம் செய்ய வைக்கலாம். அடுத்த வாரமே மறைந்துவிடும். ஒரு முறை பூணை இறக்கிப் பிடி மாற்றிய சிறுவன் அச்சொல்லை வாழ்நாள் முழுவதும் மறவான்.

'அறிவைக் கூர்மையாக்கு', 'சிந்தனையைத் தீட்டு' என்று நாம் நாள்தோறும் சொல்கின்றோம். தீட்டுதல் என்றால் என்னவென்று கேட்கும் மாணவனுக்குக் காட்டச் சாணைக்கல் ஒன்று பள்ளியில் உண்டா? உவமையின் வேர் அறுந்த மொழியில் எழுதப்படும் கட்டுரைகள் காகிதப்பூ மாலைகளாகவே இருக்கும். மாணவர் கட்டுரையில் உயிர் இல்லை என்று குறைப்படுவோர், மாணவர் கையில் பொருள் இல்லை என்பதை முதலில் உணர்க.

அறிவியலுக்கு வருவோம். இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் நீரும் வேண்டும் என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் படிக்கின்றனர், விடைத்தாளில் எழுதுகின்றனர். பழைய சுத்தியல் தலை ஒன்றை ஓர் இரவு வினிகரிலோ புளிக்கரைசலிலோ ஊறவைத்து, மறுநாள் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்கட்டும். காடியின் அமிலம் துருவைக் கரைப்பதைக் கண்ணால் காண்பர். கழுவி அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் மீண்டும் செம்மை படர்வதையும் காண்பர். அப்போதுதான் சோடா மாவு கலந்த நீரில் அலம்புவது ஏன், உடனே துடைத்து எண்ணெய் பூசுவது ஏன் என்பது விளங்கும். மோரிப் கடற்காற்று வீசும் நம் வட்டாரத்தில் இரும்பு விரைவில் துருப்பிடிப்பதன் காரணத்தையும் அவர்களே கேட்பர். உப்பு அவ்வேதிவினையை விரைவுபடுத்துகின்றது என்று விடை கூறுக. பாடநூலின் ஒரு வரி அவர்களுக்கு அனுபவமாகிவிடும்.

மேல்வகுப்பு மாணவர்க்கு இன்னும் உண்டு. உளியை மின்சாணையில் ஆத்திரமாய்த் தேய்த்தால் நுனி நீலம் பாய்கின்றது. அந்நிறம் ஏறத்தாழ 300 பாகை வெப்பத்தின் அடையாளம். தோய்ச்சல் இறங்கி இரும்பு மென்மையாகிவிட்டது என்பதன் அறிவிப்பு. உலையில் சிவந்த உருக்கைக் காந்தம் ஈர்க்காத நிலை வந்ததும் எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்குவதும், பின்னர் வைக்கோல் மஞ்சள் நிறம் தோன்றும் வரை இளஞ்சூடு ஏற்றி நொறுங்கும் குணத்தைத் தணிப்பதும் கொல்லர் வழிவழியாய் அறிந்த அறிவியல். ஐரோப்பாவில் 'வூட்ஸ்' என்று புகழ்பெற்ற தென்னிந்திய உருக்கின் மறைபொருளைக் கண்டறிய 1819 முதல் சில ஆண்டுகள் ஆய்வு செய்தவருள் ஒருவர் மைக்கேல் பாரடே. மின்னியலின் தந்தையருள் ஒருவராக உலகம் போற்றும் அவர் ஒரு கொல்லரின் மகன் என்பதை நம் மாணவர்க்குச் சொல்கின்றோமா?

இனி எதிர்க்கட்சியாரின் வாதங்களைக் கேட்போம். அவற்றுள் முதன்மையானதும் மதிக்கத் தக்கதும் ஒன்று உண்டு: 'கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவருவது பிள்ளைகளைக் குலத்தொழிலுக்குத் திருப்பி அனுப்பும் சூழ்ச்சி ஆகாதா?' இக்கேள்விக்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கின்றது. 1953இல் இராஜாஜி சென்னை மாநிலத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிகுந்த நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும் என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தார். அதைக் குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் எதிர்த்தனர்; 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முற்றிலும் நேர்மையானது. தச்சன் மகன் தச்சனாகவே இருக்கக் கடவன் என்ற எண்ணத்தை ஆதரிக்கும் கல்வி, கல்வியே அன்று.

ஆனால் யான் வேண்டுவது அதற்கு நேர் எதிரானது. பரம்பரைக் கட்டாயத்தால் சுத்தியல் பிடிப்பது வேறு. யாவரும் விரும்பிச் சுத்தியல் பிடிப்பது வேறு. கணக்கரின் மகளும் மருத்துவரின் மகனும் தோட்டத் தொழிலாளியின் பேத்தியும் ஒரே மேசையில் நின்று ஒரே அரத்தால் இரும்பை அராவும்போது, தொழிலின்மேல் ஒட்டியிருந்த சாதிப்பெயர் உதிர்கின்றது. கைவேலையைத் தீண்டாதே என்று ஒதுக்கி வைப்பவர்தாம் பழைய ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றுகின்றனர். மூளை உழைப்பு உயர்வு, கை உழைப்பு தாழ்வு என்ற பிரிவினையின்மீதுதானே அவ்வேற்றத்தாழ்வு கட்டப்பட்டது? பின்லாந்து 1866இலேயே கைவினையைத் தொடக்கப்பள்ளிக் கல்வியில் சேர்த்தது. சுவீடனின் நேஸ் என்னும் ஊரில் ஓட்டோ சாலமன் அதற்கென ஆசிரியர் பயிற்சிக் கூடம் நடத்தினார். தச்சர்களைப் பெருக்குவது அவர் நோக்கம் அன்று; கண், கை, அறிவு மூன்றும் இசைந்த மனிதரை வளர்ப்பதே நோக்கம். இந்தியாவில் 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்தது. அதன் குறைகளை விவாதிக்கலாம். கைக்குக் கல்வியில் இடமுண்டு என்ற அதன் அடிப்படையைத் தள்ளிவிட இயலாது.

இரண்டாவது வாதம்: 'தேர்வுக்கே நேரம் போதவில்லை.' யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. அத்தேர்வு நாட்டை விட்டுப் போயிற்று. நம் நெஞ்சை விட்டுப் போகவில்லை. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் நம் கலைத்திட்டத்தில் இருக்கின்றது. அப்பாட வேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கும் வழக்கம் எங்கெல்லாம் உள்ளதோ அங்கெல்லாம் அது திருட்டு என்றே சொல்வேன். பிள்ளையின் கைகளுக்குரிய நேரத்தைத் திருடுதல் அது.

மூன்றாவது வாதம்: 'கடையில் இருபது முப்பது வெள்ளிக்குப் புதுக் கருவி கிடைக்கும்போது பழையதோடு ஏன் மல்லாட வேண்டும்?' விலை குறைவு என்பதால் மட்டும் தாயின் கடிதத்தை எறிந்துவிட்டுப் புதுத் தாள் வாங்குவோமா? அதற்காகப் பழையன எல்லாம் சிறந்தன என்றும் சொல்லவில்லை. கண்ணில் வெடிப்பு விழுந்த சுத்தியலும், தலை காளானாய் விரிந்து சிதறும் உளியும் ஆபத்தானவை. சீர்செய்ய இயலாதெனின் அவற்றை ஒதுக்கவே வேண்டும். எது மீட்கத் தக்கது, எது தகாதது என்று ஆராயும் பழக்கமே இக்கலையின் முதற்பாடம். மலிவுப் பொருளை வாங்கி எறிந்து வாங்கி எறிந்து வாழும் பிள்ளைக்கு அந்த ஆராய்ச்சி எப்போது வரும்?

நான்காவது வாதம்: 'பிள்ளைகளுக்குக் காயம் படும்.' கவனம் கற்பிக்காத இடத்தில் காயம் படும். கண்ணாடி அணியாமல் சாணை பிடிக்கக் கூடாது. நாகம் பூசிய இரும்பை நெருப்பில் இடக் கூடாது, அதன் புகை நஞ்சு. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக் கூடுமாதலால் அதை உலரச் சுரண்டித் தூசு கிளப்பலாகாது. உலையும் மின்சாணையும் பெரியவர்க்கே உரியவை. இவ்விதிகளை வகுத்து, சிறுவர்க்கு அரமும் கல்லும் தூரிகையும் கொடுத்தால் போதும். கூரான கருவியைக் காட்டிலும் மழுங்கிய கருவியே மிகுதியாகக் காயப்படுத்தும் என்பதைக் கைவேலை அறிந்தார் அறிவர். மழுங்கியதை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும்.

எங்கள் மாவட்டத்திலேயே கேரித் தீவில் மா மெரி பழங்குடியினர் வாழ்கின்றனர். நீரெ பத்து என்னும் சதுப்புநில மரத்தில் அவர்கள் செதுக்கும் முகமூடிகளையும் சிற்பங்களையும் காண வெளிநாட்டார் வருகின்றனர். அம்மக்களின் தொகை நம் தொகையில் சிறு பங்கே. ஆயினும் முன்னோரின் கைத்திறனைக் கண்ணாடிப் பெட்டியில் அடைக்காமல் இளையோர் கையில் ஒப்படைத்து வாழவைத்திருக்கின்றனர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உடைய நாம், அண்டை அயலாரிடம் இதனைக் கற்க வெட்கப்பட வேண்டியதில்லை; கல்லாதிருக்கவே வெட்கப்பட வேண்டும்.

செய்ய வேண்டுவன பல அல்ல. வீட்டின் பின்கட்டில் ஓர் உறுதியான மேசை, ஒரு வைஸ், மூன்று அரங்கள், இருமுகச் சாணைக்கல் ஒன்று, கம்பித் தூரிகை, எண்ணெய்ப் புட்டி: இவ்வளவு போதும் ஒரு பட்டறைக்கு. ஞாயிற்றுக்கிழமையில் தந்தையோ தாயோ இரண்டு மணி நேரம் கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டும்; இதுவே மிகக் கடினமான நிபந்தனை. பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு ஓர் அலமாரியைக் கருவிகளுக்கு ஒதுக்குக. அதற்குக் கண்ணாடிக் கதவு வேண்டா. தோட்டத்து முதியோரை அழைத்து, ஒவ்வொரு கருவியின் பெயரையும் அதன் உறுப்புகளின் பெயரையும் அவர்கள் வாய்மொழியாகவே எழுதிக்கொள்க. அரத்தால் அராவித் தயாரிப்பாளர் முத்திரையை அழித்துவிடாதீர், அதுவும் வரலாறே. மீட்ட கருவியைப் பற்றி மாணவரைக் கட்டுரை எழுதச் சொல்க. எங்கிருந்து வந்தது, யார் பிடித்தது, எங்கே தேய்ந்தது என்று எழுதட்டும். அக்கட்டுரையில் கடன் வாங்கிய அடைமொழிகள் இருக்கமாட்டா என்பதற்கு யான் பொறுப்பு.

இரும்பு பிடித்த கை சும்மா இராது என்பது நம் முன்னோர் பழமொழி. இக்காலப் பிள்ளைகளின் கை சும்மா இருக்கின்றது. திரையைத் தடவுவதொன்றே அதன் வேலையாகிவிட்டது. அக்கைகளில் ஓர் அரத்தை வைப்பது ஆசிரியர் கடமை. சிவகளையில் புதைந்த இரும்பைத் தோண்டி எடுக்கத் தொல்லியலார் இருக்கின்றனர். நம் வீட்டு மாடிப்படியின் கீழே புதைந்து கிடப்பதைத் தோண்டி எடுக்க நம்மையன்றி யாரும் வரமாட்டார். பழைய இரும்பு லாரி மட்டும் தவறாமல் வரும். அது வருமுன் நாம் எழுவோமா என்பதே கேள்வி.